மறையூர் மாமாவின் 'ஆறின அல்சர்'

கொழிஞ்சாம்பாறையில இருந்து கரும்பு வேலைக்கு மறையூர் போய் அங்கேயே தங்கிட்டவர் எங்க மாமா. தீராத வயித்து வலி. குழாய் விட்டுப் பார்த்து அல்சர்னாங்க. ரெண்டு மாசம் மாத்திரை. மறுபடி பார்த்தா புண் ஆறியிருந்தது. அத்தை பழனி நேர்த்திக்கடனை முடிச்சாங்க. ரெண்டே வருஷத்துல புற்றுநோய், அதுவும் முத்தினது.

ஆறின புண் எப்படிப் புற்றாகும்? இங்க லண்டன்ல எண்டோஸ்கோப்பி பிரிவுல வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் பதில் கிடைச்சது. 1971லயே அச்சான பதில்!

இரைப்பைப் புற்று அதிகமா இருந்த ஜப்பான்ல, 1950ல உஜி தத்சுரோவும் ஒலிம்பஸ் பொறியாளர்களும் இரைப்பைக்குள்ள போற குட்டிக் கேமராவைச் செஞ்சாங்க. 1962ல அங்கத்து எண்டோஸ்கோப்பி சங்கம், உள்சவ்வையும் அதுக்கடுத்த அடுக்கையும் தாண்டாததை 'ஆரம்பப் புற்று'ன்னு வரையறுத்து, மேடு, தட்டை, பள்ளம்னு வகை பிரிச்சது. கட்டியைத் தேடுற கண்ணுக்குத் தட்டையானது படவே படாது.

பள்ளமானது இன்னும் பொல்லாதது. சகிதா தகாவோ குழுவினர் 1971ல எழுதினது இதுதான்: புற்றின் மேல வந்த புண் ஆறும், திரும்பத் திறக்கும், மறுபடி ஆறும். புற்று அங்கேயே இருக்கும். (மாத்திரைக்கு அடங்கினா அல்சர்தான்னு நாமளும் சொல்றோமே!)

அப்போ எதைப் பார்க்கணும்? தழும்பை நோக்கி வர்ற மடிப்புகள் சட்டுனு அறுந்திருக்கும், இல்லேன்னா நுனி தடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும். விளிம்பு, புழு அரிச்ச இலை மாதிரி. அங்கிருந்து பல இடத்துல துளிச் சதை எடுத்துச் சோதிக்கணும், புண் ஆறின பிறகும்.

மாமாவோட ரெண்டு ரிப்போர்ட்டையும் அத்தை துணிப்பையில வெச்சிருக்காங்க. போன லீவுல படிச்சேன். சதை எடுத்ததா ரெண்டுலயும் ஒரு வரி இல்லை.