கண்ணகி வழக்குரை

இலங்கையின் கிழக்குக் கரைக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்படும் காவியம். அம்பாறை மாவட்டத்தில் கல்முனை, காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களில் இம்மரபு நிலைத்திருக்கிறது.  

யாழ்ப்பாண அரசர் காலத்ததாகக் கருதப்படும் இந்நூலை வித்துவான் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். கண்ணகியின் சிலம்புக்கு வேண்டிய நாகமணிக்காக மீகாமன் என்பவன் கப்பலேறி வெடியரசன் என்னும் அரசனோடு பொருததை இது விரித்துப் பாடுகிறது. சிலப்பதிகாரத்தில் இக்கதை இல்லை. வழக்கின் வலு இங்கேதான் இருக்கிறது. மணி எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்டறிந்த ஊரார், பாண்டியன் அவையில் சிலம்பு உடையும்போது சாட்சிகளாகவே இருக்கிறார்கள். பொற்கொல்லன் சொல்லை விசாரியாமல் நம்பி, கண்ணகியின் கணவன் கோவலனைக் கொல்வித்ததே அரசன் குற்றம். இக்கதை மரபில் கண்ணகி பாண்டியனிடம் மாங்கனியில் தோன்றி, பேழையில் வைத்து நீரில் விடப்பட்டவள். ஆகவே நீதி கேட்டு நிற்பவள் அவன் கைவிட்ட மகளே. இளங்கோவடிகள் காட்டும் அவையைவிட இது கொடிய வழக்கு.

ஐரோப்பாவின் இடைக்காலச் சமய நாடகங்களும் தீர்ப்பு மன்றத்தை மேடையாக்கின. இங்கிலாந்தின் யோர்க் நகர நாடகங்களில் இயேசு பிலாத்துவின் முன் விசாரிக்கப்படுகிறார். அங்கே நடிப்பவர் வேறு, பார்ப்பவர் வேறு. இங்கே பாடலும் பூசையும் ஒன்று. கப்புகனார் அல்லது கட்டாடியார் எனப்படும் பூசகர் சடங்கை நடத்துகிறார்.

மதுரை எரிந்ததோடு சடங்கு முடிவதில்லை. இடைச்சியர் அம்மனின் சினம் தணித்த கதையையொட்டி இறுதியில் குளிர்த்தி பாடப்படுகிறது. நீதி கிடைத்த பின்னும் ஆறாத சினத்தை ஆற்றுவது ஊரின் கடமையாகிறது; மழை வேண்டியும் நோய் நீங்கவும் மக்கள் நேர்வது இந்தக் குளிர்த்தியையே.

வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் கோவலன் பக்கமான வடசேரியாகவும் கண்ணகி பக்கமான தென்சேரியாகவும் பிரிந்து, கொளுவிய கொம்புகளை இழுத்து முறிக்கும். சிங்களவரின் அங்கெலிய இதற்கு இணையானது. அவர்களது பத்தினி வழிபாட்டைப் பற்றி கணநாத் ஒபயசேகர 1984இல் எழுதிய பெருநூல், பத்தினி தன் கணவன் பாலங்கனை உயிர்ப்பிக்கும் சடங்கு நாடகத்தையும் ஆராய்கிறது.