நடைபாதை உங்கள் அடிப்படை உரிமை: தீர்ப்பு வந்தாச்சு, தெருவுக்கு எப்போது வரும்?

மெட்ரோவில் வந்து இறங்குகிறீர்கள். ஆபீஸ் அரை கிலோமீட்டர்தான், நடந்தே போய்விடலாம். முதல் இருபது அடி நடைபாதை நன்றாகவே இருக்கிறது. அடுத்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதைத் தாண்டினால் வரிசையாக பைக்குகள். அப்புறம் மூடி இல்லாத வடிகால். வேறு வழியில்லாமல் சாலையில் இறங்குகிறீர்கள். முதுகுக்குப் பின்னால் ஹாரன்.

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். சராசரியாக ஒரு நாளைக்கு 90 பேர்.

நடைபாதையைப் பயன்படுத்துவது அடிப்படை உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதுபோன்ற உரிமைகள் தானாக வந்துவிடவில்லை. ஒரு மருத்துவர், சில தொண்டு அமைப்புகள், பஸ் பயணிகள் எனப் பலர் ஆண்டுக்கணக்கில் மனு போட்டும் தரவு திரட்டியும் வாங்கித் தந்தவை. அவற்றில் எது கைக்கு வந்தது, எது இன்னும் காகிதத்தில் இருக்கிறது?

சாலையில் இறப்பவர்கள் யார்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் சாலை விபத்துகளில் மொத்தம் 1,68,491 பேர் இறந்தார்கள். இதில் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் 44.5 சதவீதம், பாதசாரிகள் 19.5 சதவீதம். அதாவது, இறந்த மூவரில் கிட்டத்தட்ட இருவர் நடந்து போனவர்கள் அல்லது டூவீலரில் போனவர்கள்.

2017-ஐயும் 2022-ஐயும் ஒப்பிட்டால் இன்னொரு விஷயம் தெரியும். இந்த ஐந்து ஆண்டுகளில் மொத்த மரணங்கள் 1,47,913-லிருந்து சுமார் 14 சதவீதம் கூடின. பாதசாரி மரணங்களோ 20,457-லிருந்து 60 சதவீதம் கூடியிருக்கின்றன.

உச்ச நீதிமன்றத்துக்குப் போனது யார்?

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் நிபுணர் எஸ்.ராஜசேகரன். விபத்தில் சிக்கியவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்வதே அவருடைய துறை. 2012-ல் அவர் பொதுநல மனு தாக்கல் செய்தார். அதன் விளைவாக, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை 2014-ல் உச்ச நீதிமன்றம் அமைத்தது. மாநிலங்களைக் கேள்வி கேட்க, முதல்முறையாக ஒரு நிரந்தர ஏற்பாடு வந்தது.

நடைபாதை பற்றிய 2025 மே உத்தரவும் இதே வழக்கில்தான் வந்தது. தடையில்லாத நடைபாதை, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம். அது மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில், 50 நகரங்களில் நடைபாதைகளைத் தணிக்கை செய்யவும், 6 மாதங்களுக்குள் மாநிலங்கள் விதிகளை வகுக்கவும் உத்தரவிட்டது.

அடிபட்டவருக்கு உதவினால் கேஸ் ஆகுமா?

‘நமக்கெதுக்கு வம்பு’ என்று பலர் ஒதுங்கிப் போனதற்கு இந்தப் பயம்தான் காரணம். பியூஷ் திவாரி என்பவர் 2007-ல் தன் உறவுக்காரச் சிறுவனை விபத்தில் இழந்தார். அடிபட்ட அந்தப் பையனுக்கு யாரும் உதவ வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் ‘சேவ்லைஃப் ஃபவுண்டேஷன்’ அமைப்பைத் தொடங்கினார். 2012-ல் அந்த அமைப்பு போட்ட மனுவால், உதவுபவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவாக அது சேர்ந்தது.

எனவே, அடிபட்டவரை நீங்கள் மருத்துவமனையில் சேர்த்தால் உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சியாக வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

பஸ் விஷயத்தில் என்ன நடந்தது?

பாதுகாப்பான தெரு மட்டும் போதாது, அதில் எல்லோராலும் போகவர முடிய வேண்டும். பெங்களூருவில் ‘பஸ் பிரயாணிகர வேதிகே’ என்ற பயணிகள் அமைப்பு, கட்டணம் சாமானியர்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று குரல் கொடுத்துவருகிறது. பெண்களுக்கு இலவசப் பயணம் டெல்லியில் 2019-லும், தமிழ்நாட்டில் 2021-லும், கர்நாடகாவிலும் தெலங்கானாவிலும் 2023-லும் வந்தது. இவை அரசுகளின் முடிவுகள்.

தாழ்தள பஸ்ஸின் கதை வேறு. சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரம், தாழ்தள பஸ்ஸில் 40 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த அரை மீட்டர்தான் வேலைக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீண்ட காலம் வழக்கு நடத்திய பிறகே, 2024 ஆகஸ்டில் சென்னைச் சாலைகளில் தாழ்தள பஸ்கள் மீண்டும் ஓடத் தொடங்கின.

ஆனால் பஸ் எவ்வளவு தாழ்வாக வந்தாலும், பஸ் ஸ்டாப் வரை நடைபாதை இல்லையென்றால் அவர் அதில் ஏற முடியாது.

தெருவில் ஏன் மாற்றம் தெரியவில்லை?

விதிகளுக்குப் பஞ்சமில்லை. நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸின் தரநிலை சொல்கிறது. ‘ஐடிடிபி இந்தியா’ என்ற அமைப்பின் துணையோடு, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. அதில் பிறந்ததுதான் இன்று நீங்கள் பாண்டி பஜாரில் பார்க்கும் அகலமான நடைபாதை.

பாண்டி பஜார் மாதிரி எல்லாத் தெருவும் மாறாததற்கு ஒரு முக்கியக் காரணம், தெருவுக்கு ஒரே முதலாளி இல்லை. நடைபாதை மாநகராட்சியுடையது. டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியத்துடையது. குழி தோண்டுவது குடிநீர் வாரியம். பார்க்கிங்கைக் கட்டுப்படுத்துவது போக்குவரத்து போலீஸ். பஸ் ஓட்டுவது இன்னொரு நிறுவனம்.

சுமார் 94 கிலோமீட்டர் நீளமுள்ள மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2016-ல் அங்கே 150 பேருக்கு மேல் இறந்தார்கள். சேவ்லைஃப் அமைப்பும், சாலையை நிர்வகிக்கும் மகாராஷ்டிரா சாலை வளர்ச்சிக் கழகமும், நெடுஞ்சாலை போலீஸும் சேர்ந்து ஆபத்தான இடங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்தன. 2019-ல் எண்ணிக்கை நூறுக்குக் கீழே வந்தது. அந்தச் சாலைக்கு யார் பொறுப்பு என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

* போட்டோவோடு, சரியான இடத்தைக் குறிப்பிட்டு மாநகராட்சியில் புகார் செய்யுங்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

* பதில் இல்லையா? ஆர்டிஐ போடுங்கள். ‘இந்தத் தெருவின் நடைபாதைக்கு யார் பொறுப்பு? சென்ற ஆண்டு எவ்வளவு செலவானது? கடைசியாக எப்போது தணிக்கை நடந்தது?’ இந்த மூன்று கேள்விகள் போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

* சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரநிலையை மீறியதால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198ஏ பிரிவு இடம் தருகிறது. உங்கள் பழைய புகார், குறை முன்பே தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரம் ஆகலாம்.

* விபத்தைப் பார்த்தால் 108 அல்லது 112-ஐ அழையுங்கள். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டப்படி, அடிபட்டவருக்கு 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள், கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்கும்.

நாளை காலை அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிச் சாலையில் இறங்குவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் புகாரை அதிலிருந்தே தொடங்கலாம்.