பாதுகாப்பு ஆணை (குடும்ப வன்முறை)

பாதுகாப்பு ஆணை என்பது, குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்கு எதிராகக் குறிப்பிட்ட செயல்களைச் செய்யக்கூடாது என எதிர்மனுதாரருக்குத் தடை விதித்து நீதித்துறை நடுவர் பிறப்பிக்கும் ஆணை ஆகும். இந்தியாவில் இது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2005 இன் 18 ஆம் பிரிவின் கீழ் வழங்கப்படுகிறது. இவ்வாணை தண்டனை அன்று. ஆனால் இதனை மீறுவது குற்றமாகும்.

மனு செய்தல்

மனைவி மட்டுமன்றித் தாய், சகோதரி, மகள், திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண் ஆகியோரும் இவ்வாணையைக் கோரலாம். அவர்கள் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ பிறரோ மனு செய்யலாம். ஆண்கள் இச்சட்டத்தின் கீழ் கோர இயலாது. பெண்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம் என உச்ச நீதிமன்றம் 2016 இல் தீர்ப்பளித்தது.

பெண் தற்காலிகமாக வசிக்கும் இடத்திற்குரிய நடுவரிடமும் மனு செய்யலாம். எடுத்துக்காட்டாக, சென்னையில் கணவரைப் பிரிந்து, திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூரில் உள்ள தாய்வீட்டில் தங்கியிருக்கும் பெண், வழக்கிற்காகச் சென்னை செல்ல வேண்டியதில்லை. அவ்வூருக்குரிய நடுவர் பிறப்பிக்கும் ஆணை இந்தியா முழுவதும் செல்லும்.

முதல் விசாரணை பொதுவாக மூன்று நாட்களுக்குள் நடைபெற வேண்டும். அவசரமெனில், 23 ஆம் பிரிவின்படி பெண்ணின் பிரமாணப் பத்திரத்தைக் கொண்டு, எதிர்த்தரப்பைக் கேளாமலேயே இடைக்கால ஆணை வழங்கலாம்.

தடுக்கக்கூடியவை

* வன்முறை செய்தல், அதற்கு உதவுதல்
* பெண்ணின் பணியிடத்திற்கோ குழந்தையின் பள்ளிக்கோ செல்லுதல்
* நேரிலோ, கடிதம், தொலைபேசி, மின்னணு வழியிலோ தொடர்பு கொள்ளுதல்
* சீதனம் உள்ளிட்ட சொத்துகளை விற்றல், வங்கிக் கணக்கையோ பெட்டகத்தையோ கையாளுதல்
* பெண்ணுக்கு உதவும் உறவினர் முதலியோரைத் தாக்குதல்

வரம்புகள்

இவ்வாணை மணமுறிவையோ சொத்துரிமையையோ தீர்மானிப்பதில்லை. வீட்டில் வசிக்கும் உரிமைக்கு 19 ஆம் பிரிவின் கீழ் வசிப்பிட ஆணை தனியே கோரப்பட வேண்டும். அதன்மூலம் கணவரை வீட்டிலிருந்து வெளியேறச் சொல்லலாம். மாமியார் போன்ற பெண்களை வெளியேறச் சொல்ல இயலாது.

குடும்ப உறவு இல்லாத அண்டை வீட்டாருக்கோ பின்தொடரும் அந்நியருக்கோ எதிராக இச்சட்டம் பயன்படாது. அத்தகையோர் மீது காவல்துறையில் புகார் அளிக்கலாம். அல்லது உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோரலாம்.

ஆணை, அப்பெண் நீக்கக் கோரும் வரை செல்லுபடியாகும். சூழ்நிலை மாறினால், இரு தரப்பில் எவர் கோரினாலும் நடுவர் அதனை மாற்றவோ நீக்கவோ முடியும். ஆணையை எதிர்த்து 30 நாட்களுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

மீறலும் தண்டனையும்

31 ஆம் பிரிவின்படி, ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, பிணையில் விட இயலாத குற்றமாகும். பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியத்தை மட்டுமே கொண்டும் குற்றம் நிகழ்ந்ததாக நீதிமன்றம் முடிவு செய்யலாம்.