பட்டியலில் ஏறாத இரும்பு: பூவம் எல்லையில் அரிவாள் வரலாறு எழுதும் முறை பற்றி

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிக்குப் போகும் கடற்கரைச் சாலையில், நண்டலாற்றைத் தொடுவதற்கு முன் வரும் ஊர் பூவம். ஆற்றுக்கு இக்கரை புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அக்கரை தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டம். இருகரையிலும் அதே வயல், அதே தென்னை, அதே பேச்சு. சட்டம் மட்டும் வேறு. தமிழ்நாட்டில் 1987 சனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. காரைக்காலில் கள்ளுக்கடைகளை அரசே ஏலம் விடுகிறது. ஆகவே கள்ளுக்காகத் தென்னம்பாளை சீவும் கத்தி இக்கரையில் தொழிற்கருவி, அக்கரையில் குற்றத்தின் தடயம். இரும்பு ஒன்று, வடிவம் ஒன்று, சீவும் கையின் பழக்கமும் ஒன்று. கத்தியைப் படம் பிடித்து, நீள அகலம் அளந்து, பெயர் எழுதி வைத்தால் இந்த வேறுபாட்டில் ஒரு துளிகூடப் பதிவாகாது.

மரபுக் கத்திகளை ஆவணப்படுத்தும் வேலை இதுவரை பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. வடிவத்தை வைத்து வகை பிரிப்பது, வகைக்கு ஒரு தோற்றக் கதை சொல்வது, கதையைப் போர்க்களத்தோடு முடிச்சுப் போடுவது. காவிரிப் படுகையின் அரிவாளுக்கும் கத்திக்கும் இந்த வழி பொருந்தாது. அவற்றின் வரலாற்றை வேலை, கூலி, சட்டம் ஆகிய மூன்றையும் கொண்டு எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நேபாளத்துக் குக்ரியைப் பார்க்கலாம். அதிகம் எழுதப்பட்ட நாட்டுக் கத்திகளுள் அது ஒன்று. 1793இல் நேபாளம் சென்ற வில்லியம் கிர்க்பாட்ரிக் 1811இல் வெளியிட்ட நூலில் அதன் படம் இருக்கிறது. 1814 முதல் 1816 வரை நடந்த ஆங்கிலேய–கோர்க்கா போரின் நடுவிலிருந்தே கோர்க்கர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களோடு கத்தியும் உலகெங்கும் போனது. காத்மாண்டுவின் சௌனி அருங்காட்சியகத்தில் பழைய குக்ரிகள் வரிசையாக உள்ளன. இரண்டு உலகப் போர்களுக்கும் படைக்கென்று செய்யப்பட்ட குக்ரிகளில் ஆண்டும் முத்திரையும் குத்தப்பட்டிருப்பதால், எது எப்போது செய்யப்பட்டது என்று ஆய்வாளர் எளிதில் சொல்லிவிடுகிறார்.

மலைக் கிராமத்தில் விறகு பிளந்த, புல் அறுத்த, தசைன் திருவிழாவில் ஆடு வெட்டிய, அன்றாடம் காய் நறுக்கிய குக்ரியில் முத்திரை கிடையாது. அதை அடித்தவர் காமி சாதியைச் சேர்ந்த கொல்லர். 1854இல் வந்த முலுகி ஐன் சட்டம் அவர்களைத் தீண்டத்தகாதோர் வரிசையில் வைத்தது. 1963இல்தான் புதிய சட்டம் அந்த அடுக்கை நீக்கியது. நேபாளத்தின் தேசியச் சின்னமாகிவிட்ட கத்தியைச் செய்தவரின் பெயர் எங்கும் இல்லாமல் போனதற்கு இதைவிட வேறு விளக்கம் தேடத் தேவையில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கதைகள் வந்து நின்றன. அலகின் அடியில் இருக்கும் சிறு வெட்டுக்குச் சிவனின் சூலம் என்று ஒரு விளக்கம், பசுவின் குளம்பு என்று ஒன்று, இரத்தம் பிடிக்கு வழியாமல் சொட்டுவதற்கு என்று இன்னொன்று. உறையிலிருந்து உருவினால் இரத்தம் பார்க்காமல் திரும்ப வைக்கக் கூடாது என்ற கதையும் உண்டு. நாளெல்லாம் விறகும் காயும் வெட்டும் கருவிக்கு அப்படி ஒரு விதி இருந்திருக்க முடியாது. ஆனால் அந்தக் கதை யாரிடம் சொல்லப்பட்டது, எந்தப் படைமுகாமில் வளர்ந்தது என்பது நல்ல ஆய்வுக்குரிய கேள்வி. கதையைப் பொய் என்று தள்ளுவதால் பயனில்லை; அது கத்தியின் பிறப்பைச் சொல்லாது, கத்தியைப் பார்த்தவர்களைச் சொல்லும். அரசு பணம் கொடுத்து வாங்கிய இரும்புக்கு ஆவணம் உண்டு, குடியானவன் நெல் கொடுத்து வாங்கிய இரும்புக்கு இல்லை என்பதே குக்ரி கற்பிக்கும் பாடம்.

நம் பக்கத்திலும் இதுவே நடந்தது. தஞ்சை அரண்மனையின் படைக்கலக் கொட்டில் 1863இல் கலைக்கப்பட்டபோது, தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போக, எஞ்சியவை உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அப்போது தப்பியவற்றை வைத்துத்தான் எகர்ட்டன் 1880இல் வெளியிட்ட இந்திய ஆயுதக் கையேடு முதல் ராபர்ட் எல்குட் 2004இல் எழுதிய ஆய்வு வரை தென்னிந்திய இரும்பின் அழகு பேசப்படுகிறது. மதிப்புமிக்க நூல்கள், ஐயமில்லை. ஆனால் அவை வாள், குத்துவாள், கட்டாரி ஆகியவற்றின் வரலாறு. அந்த அரண்மனைக்கு நெல் அளந்த வயல்களில் ஓடிய அரிவாள் அவற்றில் இடம்பெறவில்லை.

காவிரிப் படுகை வண்டல் மண். இங்கே இரும்புத் தாது இல்லை, கல்லே அரிது. ஒவ்வொரு அரிவாளின் இரும்பும் வெளியிலிருந்து வந்தது. கஞ்சமலை போன்ற சேலத்து மலைகளின் தாது தொன்றுதொட்டு உருக்கப்பட்டது. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியபோது, அதே தாது ஆற்றுவழியே கடற்கரைக்கு வந்தது. இன்று பட்டறையில் அடிபடுவது பெரும்பாலும் லாரியின் வில்பட்டை. எஃகின் தரம் அதில் உறுதியாகக் கிடைப்பதால் ஆசாரிகள் அதையே விரும்புகிறார்கள். பழைய முறை மறைந்ததே என்று இதற்காக இரங்குவது தவறு. வெளியிலிருந்து கிடைக்கும் நல்ல இரும்பைத் தன் மண்ணின் வேலைக்கேற்பத் திருப்புவதுதான் படுகைக் கொல்லரின் மரபு. வில்பட்டை அந்த மரபின் தொடர்ச்சி.

வேலைக்கேற்பத் திருப்புவது என்றால் என்ன என்பதைக் கருக்கரிவாளில் பார்க்கலாம். நெல் அறுக்கும் இந்த அரிவாளின் உள்வளைவில் பல் வெட்டியிருக்கும். பற்கள் பிடியை நோக்கிச் சாய்ந்தவை. அதனால் தாளை இழுக்கும்போது அறுக்கும், தள்ளும்போது அறுக்காது. குனிந்து நின்று இடக்கையால் தாளைப் பற்றி வலக்கையால் தன்பக்கம் இழுப்பவரின் உடலுக்காக அமைந்தது அது. பல் மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்ட முடியாது. உலையில் காய்ச்சி இளக்கி, தட்டி நேராக்கி, உளியால் பல்லைத் திரும்ப வெட்டி, மறுபடியும் தோய்ச்சல் கொடுக்க வேண்டும். தோய்ச்சல் மிஞ்சினால் பல் உதிரும், குறைந்தால் மடங்கும். ஆகவே பருவந்தோறும் அரிவாள் கொல்லரிடம் திரும்பியாக வேண்டும். முன்பு கொல்லருக்குக் காசு கொடுப்பதில்லை. அறுவடைக் களத்தில் அவர் பங்கு நெல் தனியே அளக்கப்படும். அரிவாளின் பல்லும் களத்து நெல்லும் இப்படி ஒரே கணக்கில் வந்தன. அறுவடை இயந்திரம் வந்தபோது வேலை இழந்தவர்களைப் பற்றிப் பேசுகிறோம். பட்டறைக்கு வரும் பருவவேலையும் அதோடு நின்றதை யாரும் எழுதவில்லை. சாய்ந்த பயிரிலும், இயந்திரம் இறங்க முடியாத சேற்று வயலிலும், வரப்போரத்திலும் கருக்கரிவாள் இன்னும் வேலை செய்கிறது. அது போதாது, ஒரு பட்டறையை உயிரோடு வைத்திருக்க.

பாளைக்கத்தியின் கணக்கு முற்றிலும் வேறு. அகன்ற, மெல்லிய அலகு. கட்டிய பாளையின் நுனியைக் காலையும் மாலையும் மெல்லிய வில்லையாகச் சீவ வேண்டும். அலகு மழுங்கியிருந்தால் பாளை நசுங்கும், சொட்டு நிற்கும், அன்றைய வருமானம் போகும். அதனால் கள் இறக்குபவர் இந்தக் கூர்மையைக் கொல்லரிடம் விடுவதில்லை. மரக்கட்டையில் நுண்மணல் தூவித் தானே தீட்டிக்கொள்வார். கொல்லர் கொடுப்பது இரும்பை மட்டும். கருக்கரிவாளின் கூர்மை கொல்லருடையது, பாளைக்கத்தியின் கூர்மை அதை ஏந்துபவருடையது. இந்த ஒரு வேறுபாடே, செய்தவர் பெயரை மட்டும் எழுதினால் போதாது, பயன்படுத்தியவரையும் எழுத வேண்டும் என்பதற்குச் சான்று. மட்டை கழிக்கும் வெட்டரிவாள், மூங்கில் பிளக்கும் கத்தி, மீன் ஆயும் அரிவாள்மனை என்று வரிசை நீளும். அவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு.

கதைகளுக்கு வருவோம். படுகையின் மிகப் பழைய அரிவாள் கதை ஒரு போர்வீரனைப் பற்றியது அல்ல. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் கணமங்கலத்து வேளாளர் தாயனார் வருகிறார். செல்வம் இழந்து கூலிக்கு நெல் அறுத்தவர். இறைவனுக்கென எடுத்துச் சென்ற செந்நெல் அரிசியும் கீரையும் மாவடுவும் தடுக்கி விழுந்ததில் வயல்வெடிப்பில் சிந்திவிட, கையிலிருந்த அரிவாளைத் தன் கழுத்தில் பூட்டி அறுக்கத் தொடங்கினார். அறுபத்துமூவருள் அரிவாட்டாயர் என்று அவர் நிலைத்தார். கூலியாளின் கையில் அன்று இருந்த ஒரே இரும்பு அறுவடை அரிவாள் என்பதும், வெடித்த வயலும், கஞ்சியோடு சேரும் கீரையும் மாவடுவும் ஒரு சமூக ஆவணத்துக்குரிய துல்லியத்தோடு அக்கதையில் உள்ளன.

அந்த அரிவாள் 20ஆம் நூற்றாண்டில் மறுபடியும் பேசியது. கீழத்தஞ்சையின் உழவுத் தொழிலாளர் இயக்கம் அதைக் கொடியில் ஏற்றியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவில். கதிர் அரிவாளை இந்தப் பகுதியில் தேர்தல் சின்னமாக மட்டும் பார்ப்பவர் யாரும் இல்லை.

இவற்றுக்கு எதிரே நிற்கிறது திருப்பாச்சி அரிவாள் கதை. சிவகங்கைச் சீமையின் கொல்லுப் பட்டறைகளின் புகழ் உண்மையானது. ஆனால் 2005இல் வந்த ‘திருப்பாச்சி’ திரைப்படத்துக்குப் பின் அந்தப் பெயரைக் கேட்டவுடன் வெட்டுதான் நினைவுக்கு வருகிறது. குக்ரிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்திருக்கிறது. கருப்பசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் நேர்ந்துகொண்டு செய்துவைக்கும் ஆளுயர அரிவாள்கள்கூட இந்தப் பார்வையில் வன்முறையின் சின்னமாகிவிடுகின்றன. அவை காவலுக்கான நேர்த்திக்கடன்.

இந்தப் பார்வைக்குச் சட்ட விளைவு உண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 1962 விதிகள் குக்ரியைப் பெயர் சொல்லியே ஆயுதப் பட்டியலில் சேர்த்தன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகும் அப்படியே. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என்று வடிவமைத்தவை மட்டும் விலக்கு. எது எதற்காக வடிவமைக்கப்பட்டது என்று யார் சொல்வது? 2021 செப்டம்பரில் கொலைகள் தொடர்ந்தபோது தமிழ்நாட்டுக் காவல்துறை, அரிவாள் வாங்குவோரின் பெயர், முகவரி, நோக்கத்தைக் குறித்துவைக்கும்படி பட்டறைகளிடம் கேட்டது. அதன் காரணம் புரிகிறது. எனினும், கொல்லரின் வாடிக்கையாளரை எழுத்தில் பதிவு செய்யும் முயற்சி நம் காலத்தில் ஆய்வாளரிடமிருந்து வராமல் காவல்துறையிடமிருந்து வந்தது நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.

வேலை, கூலி, சட்டம் கொண்டு எழுதும் இந்தப் பதிவைப் பூவத்தில் தொடங்கலாம் என்று நான் சொல்வதற்கு எல்லைதான் காரணம். காரைக்கால் 1739 முதல் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் கையில். அக்கரைத் தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் கையில், பிறகு ஆங்கிலேயர் கையில். ஒரே படுகைத் தொழில் இரண்டு வரி முறைகளிலும் இரண்டு கள் சட்டங்களிலும் எப்படி நடந்தது என்பதை ஓர் ஆற்றின் இருகரையில் ஒப்பிட வேறெங்கும் இவ்வளவு வசதி இல்லை.

பதிவில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடித்தவர் யார், இரும்பு எங்கிருந்து வந்தது, தோய்ச்சல் எப்படி, பிடி எந்த மரம், பல்லுக்குப் பல் இடைவெளி எவ்வளவு, விலை நெல்லிலா காசிலா, வலக்கைக்கா இடக்கைக்கா, எத்தனை பருவம் உழைத்தது, ஏன் ஓய்ந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் போன பெண்களிடம் இக்கேள்விகளை முதலில் கேட்க வேண்டும். அரிவாளை அதிக நேரம் பிடித்த கை அவர்களுடையது. சொல்பவர் விரும்பினால் மட்டும் பெயரை வெளியிட வேண்டும், குறிப்பாகக் கள் தொழிலில்.

காரைக்காலின் கல்லூரிகளுக்கு இது எட்டாத வேலை அல்ல. 1955 முதல் இயங்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போன்றவை முறையியலுக்குத் துணை நிற்கலாம். வரும் சம்பா அறுவடைக்கு முன், உலை இன்னும் எரியும் பட்டறைகளுக்கு மாணவர்களை அனுப்பும்படி அக்கல்லூரிகளின் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.