வாங்குவதா, அசெம்பிள் செய்வதா? கேம் கம்ப்யூட்டரின் கதை

கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கையில் இருப்பது குறிப்பிட்ட ஒரு தொகை. கடையில் ரெடியாக இருக்கும் பெட்டியை வாங்குவதா, இல்லை மதர்போர்டு, பிராசஸர், ராம், கிராபிக்ஸ் கார்டு என்று தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்வதா? வகுப்பில் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும். உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "அசெம்பிள் பண்ணினால் காசு மிச்சம்" என்பது ஒரு கட்சி. "நாளைக்குக் கெட்டுப்போனால் யார் அலைவது?" என்பது எதிர்க்கட்சி. கடைசியில் அன்றைய விலைப்பட்டியலோடு பேச்சு முடிந்துவிடும்.

யோசித்துப் பார்த்தால் இந்தக் கேள்வியே கொஞ்சம் விசித்திரமானது. ஃபிரிட்ஜையோ டிவியையோ பாகம் பாகமாக வாங்கி வந்து யாரும் வீட்டில் பூட்டுவதில்லை. பைக் வாங்கப் போகிறவர் எஞ்சின் ஒரு கம்பெனி, டேங்க் ஒரு கம்பெனி என்று தேர்ந்தெடுப்பதில்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் இந்தச் சலுகை எப்படி வந்தது? அதற்கு 50 வருஷம் பின்னால் போக வேண்டும். போனால் இன்னொரு விஷயமும் தெரியவரும். மிச்சம் எந்தக் கட்சிக்கு என்பது அவ்வப்போது மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பாகத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி மட்டும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது.

ஆரம்பத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றாலே கையால் கட்டுவதுதான். 1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகை அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் வந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்தில் எட் ராபர்ட்ஸ் நடத்திய எம்ஐடிஎஸ் என்ற சின்ன நிறுவனத்தின் தயாரிப்பு. (அட்டைப் படத்தில் இருந்தது வெறும் காலிப் பெட்டி! உண்மையான மாதிரி வழியிலேயே தொலைந்துபோயிருந்தது.) உதிரியாக வாங்கினால் 439 டாலர், கட்டி முடித்ததாக வாங்கினால் 621 டாலர் என்று விளம்பரம் செய்தார்கள். அசெம்பிள் செய்வது என்றால் இன்றைக்கு மாதிரி நாலு ஸ்குரூ முறுக்குவது அல்ல. சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகப் பற்றவைக்க வேண்டும். அப்படிக் கஷ்டப்பட்டுக் கட்டினால் கிடைப்பது 256 பைட் மெமரி, முன்பக்கம் ஒரு வரிசை சுவிட்சுகள், சில விளக்குகள். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. அப்படியும் ஆயிரக்கணக்கில் ஆர்டர் குவிந்தது.

அடுத்த வருஷமே எதிர்க்கட்சி பிறந்துவிட்டது. 1976ல் பைட் ஷாப் என்ற கடையை நடத்திய பால் டெரல், இரண்டு ஸ்டீவ்கள் கொண்டுவந்த ஆப்பிள் 1 போர்டைப் பார்த்துவிட்டு, உதிரியாக வேண்டாம், பற்றவைத்து முடித்துக் கொடுத்தால் ஒன்றுக்கு 500 டாலர் வீதம் 50 வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆப்பிள் வியாபாரமாக மாறியது அந்த ஆர்டரில்தான். அப்போதும் கீபோர்டு, பெட்டி, பவர் சப்ளை எல்லாம் வாங்குகிறவர் பொறுப்பு. 1977ல் ஆப்பிள் 2, டிஆர்எஸ்-80, கமடோர் பெட் மூன்றும் முழுமையான பெட்டிகளாக வந்தன. பிளக்கைச் சொருகினால் போதும். சால்டரிங் அயர்ன் பரணுக்குப் போனது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரும் டிவி மாதிரி ஆகியிருக்கும்.

முடியாமல் போனதற்குக் காரணம் ஐபிஎம். அதுவும் தெரியாமல் செய்த காரியம்!

ஐபிஎம் தன் பாகங்களைத் தானே செய்துகொள்ளும் ராட்சத நிறுவனம். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் சந்தையில் அவசரமாக நுழைய நினைத்தபோது, ஃபுளோரிடாவின் போக ரேடன் நகரில் இருந்த ஒரு சின்னக் குழுவுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம்தான் அவகாசம் கொடுத்தது. புதிதாக வடிவமைக்க நேரம் இல்லை. எனவே சந்தையில் கிடைத்ததை வாங்கிப் பூட்டினார்கள். பிராசஸர் இன்டெலுடையது, ஆபரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்டுடையது, ஃபிளாப்பி டிரைவ் டாண்டனுடையது. 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியான ஐபிஎம் பிசி, ஒரு விதத்தில் ஐபிஎம்மே செய்த 'அசெம்பிள்டு கம்ப்யூட்டர்'. கூடவே கார்டுகள் சொருக 5 ஸ்லாட் வைத்து, சர்க்யூட் படங்களோடு விளக்கப் புத்தகமும் விற்றார்கள். அந்தந்தப் பாகங்களைச் செய்த கம்பெனிகள் வேறு யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஐபிஎம்முக்கு மட்டுமே சொந்தம் என்று சொல்லிக்கொள்ள முக்கியமாக ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் சின்ன மென்பொருளான பயாஸ். அதைக் காப்பி அடித்தால் வழக்கு வரும்.

டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் 1982ல் தொடங்கிய காம்பேக் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழு ஐபிஎம் பயாஸைப் படித்து, அது என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுக்கும். ஐபிஎம் எழுதியதைக் கண்ணாலும் பார்க்காத இரண்டாவது குழு, அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு புதிதாக எழுதும். பரீட்சை ஹாலில் பேப்பரைப் பார்த்து எழுதினால்தானே காப்பி! 1983ல், விற்பனைக்கு வந்த முதல் வருஷத்திலேயே, காம்பேக் 11 கோடி டாலருக்கு மேல் விற்றது. 1984ல் ஃபீனிக்ஸ் நிறுவனம் இதே முறையில் ஒரு பயாஸ் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்க ஆரம்பித்தது. 1985ல் சுப்பிரமணியன் ஷங்கர், பாட் சர்மா ஆகியோர் அமெரிக்காவில் தொடங்கிய ஏஎம்ஐ நிறுவனமும் இந்த வரிசையில் சேர்ந்தது. பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் கறுப்புத் திரையில் 'அமெரிக்கன் மெகாடிரெண்ட்ஸ்' என்று வருமே, அவர்களேதான்.

பயாஸ் கடைச்சரக்கு ஆனதும் பூட்டு திறந்துவிட்டது. தைவானில் கிகாபைட், எம்எஸ்ஐ (இரண்டும் 1986), ஏசுஸ் (1989) என்று மதர்போர்டு கம்பெனிகள் முளைத்தன. ஆஸ்டின் நகரில், காலேஜ் ஹாஸ்டல் அறையில் கம்ப்யூட்டர்களுக்குக் கூடுதல் பாகம் பூட்டி விற்றுக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், 1984ல் 1000 டாலர் முதலில் பிசிஸ் லிமிடெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பெயர் மைக்கேல் டெல். 'பிராண்டட் வாங்கு, அசெம்பிள்டு வேண்டாம்' என்று சொல்லும்போது மனதில் வரும் முதல் சில பிராண்டுகளில் ஒன்று, ஹாஸ்டல் அறையில் அசெம்பிள் செய்தவருடையது :)

இதுவரை விளையாட்டுப் பேச்சே வரவில்லை. காரணம் இருக்கிறது. ஐபிஎம் பிசி ஆபீஸ் கணக்குப் பார்க்கச் செய்தது. அதன் கலர் கார்டில் விளையாட்டுக்குக் கிடைத்தது பெரும்பாலும் நாலு நிறம், ஒலிக்கு ஒரு 'கீய்' ஸ்பீக்கர். 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் நிலைமையை மாற்றியது. 386 பிராசஸரும் 4 எம்பி ராமும் இருந்தால் ஓடும், ஆனால் தடையில்லாமல் ஓட 486 வேண்டும். ஆபீஸ் வேலைக்கென்று வாங்கிய பெட்டி முதல் முறையாகப் போதாமல் போனது. மூடியைக் கழற்றியே ஆக வேண்டிய நிலை.

அன்றைக்கு மூடியைக் கழற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு கனெக்டர்கள் வரும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். 'கறுப்பு ஒயர்கள் நடுவில் சேர வேண்டும்' என்பது அசெம்பிள் செய்பவர்களின் முதல் பாடம். மாற்றிச் சொருகிவிட்டு ஆன் செய்தால் போர்டு போயே போச்சு. வேகத்தை ஜம்பர் குத்தி வைக்க வேண்டும். சவுண்டு கார்டும் மோடமும் ஒரே ஐஆர்க்யூவுக்குச் சண்டை போடும். 1995ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவுகளை வெளியிட்டது. ஸ்குரூ ஓட்டை எங்கே, போர்ட்டுகள் எங்கே என்று எல்லாம் வரையறுத்து, பவருக்கும் தப்பாகச் சொருக முடியாத ஒரே கனெக்டரை வைத்தார்கள். எந்தக் கம்பெனி போர்டும் எந்தக் கேபினெட்டிலும் உட்காரும் என்ற நிம்மதி அதிலிருந்து தொடங்கியது.

1996ல் குவேக் கேமும் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டும் வந்தன. வூடூ முப்பரிமாண வேலையை மட்டும் செய்யும். ஏற்கெனவே இருக்கும் டிஸ்பிளே கார்டைக் கழற்றாமல், பக்கத்து ஸ்லாட்டில் சொருகி ஒரு ஒயரால் இணைக்க வேண்டும்.

அசெம்பிள் கட்சியின் பொற்காலம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 1998. இன்டெல் தன் மலிவு வரிசையில் 149 டாலருக்கு செலரான் 300ஏ என்ற பிராசஸரை விட்டது. அதன் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தின் நாலரை மடங்கு. மதர்போர்டில் பஸ் வேகத்தை 100 ஆக மாற்றினால் போதும், அதே நாலரை மடங்கில் 450 மெகாஹெர்ட்ஸ்! பெரும்பாலான சிப்கள் முணுமுணுக்காமல் ஓடின. கேம்களில், நாலு மடங்குக்கு மேல் விலையுள்ள பென்டியம் 2, 450ஐ அது நெருங்கி நின்றது. ஆனால் கடையில் வாங்கிய பிராண்டட் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் பஸ் வேகத்தை மாற்றும் வசதியே இருக்காது. அந்த லாபம் மதர்போர்டைத் தானே தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும்தான்.

ஏறக்குறைய அதே காலத்தில் எதிர்ப்பக்கம் நடந்தது இது. 1990களின் கடைசியில் டெல் கம்ப்யூட்டர்களில் வந்த பவர் சப்ளையின் கனெக்டர், பார்வைக்கு அசல் ஏடிஎக்ஸ் மாதிரியே இருக்கும். பொதுவான போர்டில் அழகாகப் போய் உட்காரும். ஆனால் உள்ளே ஒயர்களின் வரிசை வேறு. பவர் சப்ளை கெட்டுப்போய்க் கடையிலிருந்து வேறொன்றை வாங்கி மாட்டியவர்களும், போர்டை மட்டும் மாற்ற நினைத்தவர்களும் புகையைப் பார்க்கும் அபாயம் இருந்தது. வேறு வடிவக் கனெக்டராவது வைத்திருக்கலாம், சொருகவே முடியாமல் போயிருக்கும். காசு கொடுத்து வாங்கிய பெட்டியை அதன் சொந்தக்காரர் திறக்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி. சில பெரிய நிறுவனங்களின் பெட்டிகளில் பிரத்யேக அளவு மதர்போர்டும் பவர் சப்ளையும் அதன் பிறகும் தொடர்ந்தன. கிராபிக்ஸ் கார்டின் பெயர் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். எஸ்எம்பிஎஸ் யார் செய்தது என்பது பெரும்பாலும் இருக்காது.

கேம் ஆடுகிறவர்களுக்கென்றே அசெம்பிள் செய்து விற்கும் சின்னக் கம்பெனிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தன. ஃபால்கன் நார்த்வெஸ்ட் 1992ல் ஆரம்பித்தது. கனடாவின் வூடூ பிசி 1991ல். மயாமியில் ஏலியன்வேர் 1996ல். 2006ல் ஏலியன்வேரை டெல் வாங்கியது, வூடூ பிசியை எச்பி வாங்கியது. ஒரே வருஷத்தில் இரண்டும் பெரிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

இந்தியாவில் இதே தேர்வுக்கு 'பிராண்டடா, அசெம்பிள்டா' என்று பெயர். இங்கே அசெம்பிள் கட்சிதான் நீண்ட காலம் ஆளுங்கட்சி. சென்னையில் மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட், ரேடியோ பாகங்கள் விற்ற தெருவாக இருந்து கம்ப்யூட்டர் தெருவாக மாறியது. டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லேமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு. இங்கே வாங்குகிறவர் பெரும்பாலும் தானே கட்டுவதில்லை. கடைக்காரர் ஒரு தாளில் கொட்டேஷன் எழுதிக் கொடுப்பார், கடைப் பையன் கட்டித் தருவான், கெட்டால் அதே பையன் வீட்டுக்கு வருவான். விலை குறைந்ததில் ஒரு பங்கு, விண்டோஸுக்குக் காசு கொடுக்காததால் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கொட்டேஷன் தாளிலும் ஒரு வரி வழக்கமாக மொட்டையாகவே இருக்கும்: 'கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்'. எந்த எஸ்எம்பிஎஸ்? யாரும் கேட்பதில்லை.

பழைய கணக்குகளையெல்லாம் புரட்டிப் போட்டது கிரிப்டோ நாணயம். 2017ல் ஒரு முறை, 2020 கடைசியிலிருந்து மறுபடி பெரிய அளவில், கிராபிக்ஸ் கார்டுகளை நாணயம் தோண்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். கூடவே கொரோனா கால சிப் தட்டுப்பாடு. 2020 செப்டம்பரில் 699 டாலர் என்று அறிவித்த ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு, 2021ல் மறுவிற்பனையில் இரண்டு மடங்கைத் தாண்டியது. பெரிய கம்பெனிகளுக்கோ மொத்தமாகக் கார்டு கிடைத்தது. ஆகவே அந்தக் கார்டு வேண்டும் என்பதற்காகவே முழுக் கம்ப்யூட்டரையும் வாங்கினார்கள். மிச்சம் இடம் மாறிவிட்டது. இன்னொரு கூத்தும் நடந்தது. அமெரிக்க இணையக் கடையான நியூஎக், கிராபிக்ஸ் கார்டோடு வேறு பாகங்களையும் கட்டாயமாகச் சேர்த்து விற்றது. அப்படிச் சேர்ந்து போனவற்றில் கிகாபைட்டின் சில பவர் சப்ளைகளும் உண்டு. அவற்றில் இரண்டு மாடல்கள் சோதனைகளில் வெடித்ததாகச் செய்தி வந்து, 2021 ஆகஸ்டில் கிகாபைட் மாற்றித் தர முன்வந்தது. எல்லாம் தானே தேர்ந்தெடுக்கிறவர் என்ற பெருமை அசெம்பிள் கட்சிக்கும் அந்த வருஷம் முழுசாக இல்லை.

2022 செப்டம்பரில் எத்தீரியம் தோண்டும் முறையைக் கைவிட்ட பின் அந்த நெருக்கடி தணிந்தது. 2025 கடைசியில் இன்னொன்று வந்தது, இந்த முறை ராமில். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை விழுங்க, சில மாதங்களில் ராம் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண மக்களுக்கு ராம் விற்கும் க்ரூஷியல் வியாபாரத்தை மூடப்போவதாக அறிவித்தது. க்ரூஷியல் தொடங்கியது 1996ல், குவேக்கும் வூடூ கார்டும் வந்த அதே வருஷம்.