கணிச்சமும் விண்மீன் தொலைவும்

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்து மூத்த மீனவர் கடலடிப் பாரைத் தேடிப் போகையில் தண்ணீரைப் பார்ப்பதில்லை, கரையைப் பார்க்கிறார். மாதா கோவில் முகடு பின்னாலுள்ள மலைமுடியோடு ஒரே கோட்டில் வந்து நிற்க வேண்டும். வேறொரு பக்கம் இன்னோர் இணையும் அப்படியே சேர வேண்டும். இரு கோடுகளும் வெட்டுமிடத்தில் தூண்டில் இறங்கும். இதற்குப் பெயர் கணிச்சம்.

விண்மீனின் தொலைவு முதலில் பிடிபட்டதும் ஏறத்தாழ இவ்வகையில்தான். படகின் இடத்தில் சூரியனைச் சுற்றும் பூமி. மலைமுடியின் இடத்தில் வெகுதொலைவு விண்மீன்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அருகிலுள்ள விண்மீன் அவற்றின் முன்னே இம்மியளவு நகர்ந்திருக்கும். 1838-இல் வானியலர் பெசல் ஒரு விண்மீனுக்கு அளந்த இந்த நகர்வின் பாதி, ஒரு பாகையை 11,000 கூறிட்டால் ஏறத்தாழ ஒரு கூறு. அதற்கு முந்தைய ஆண்டுதான் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் நிறுவி, ஆலப்புழையில் அரசின் வணிக முகவராயிருந்த ஜான் கால்டிகாட்டை அதன் இயக்குநராக்கினார்.

வானாய்வுக்கு இந்தக் கரை வாய்ப்பானது. விழிஞ்ஞத்தில் துருவ விண்மீன் தொடுவானிலிருந்து 8 பாகைதான் உயரம். நீட்டிய கையின் முட்டியளவுகூட இல்லை. அதனால் தென்வானம் விரிந்து கிடக்கிறது. இங்கிலாந்தில் உதிக்கவே உதிக்காத அகத்திய விண்மீன் இங்கே 29 பாகை ஏறும்.

மிகத் தொலைவான பொருள்களுக்குக் கணிச்சம் எட்டாது. அங்கே கலங்கரை விளக்கத்தின் கணக்கு வேண்டும். விளக்கின் உண்மையான ஒளி தெரிந்தால், அது மங்கித் தெரிவதைக் கொண்டு தூரத்தைச் சொல்லலாம். தென்வானத்துச் சிறிய மகெல்லன் மேகம் என்ற விண்மீன் திரளின் சீஃபீட் விண்மீன்கள், ஒளியின் துடிப்பு நீள நீளப் பிரகாசமும் மிகுந்தவை என்று 1912-இல் வானியலர் ஹென்ரியெட்டா லீவிட் காட்டினார். விண்மீன் திரள்களுக்குத் தூரம் குறிக்க விளக்கு கிடைத்தது.

1987 பிப்ரவரியில் அதன் அண்டைத் திரளான பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது தெரிந்தது. ஒளி புறப்பட்டு 1,60,000 ஆண்டுக்கு மேலாகியிருந்தது. ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வுக்கூடத்தில் அது தொடுவானுக்கு மேல் 8 பாகையே எழுந்தது. அந்தச் சிறு இடைவெளியிலும் அதன் நிறமாலையை எடுத்தார்கள். விழிஞ்ஞத்தில் அது 12 பாகை.

மகாராஜாவின் ஆய்வுக்கூடத்தின் அளவீடுகள் சில அச்சேறிவிட்டன. கணிச்சமோ மூத்தவர்களின் நினைவில் இருக்கிறது. இளையவர் கையில் ஜிபிஎஸ். மூத்தவர்கள் வெள்ளி என்று சொல்லும் ஒவ்வொரு விண்மீனின் பெயரையும், எந்த முகடு எந்த மலையோடு சேரும் என்பதையும், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.