ஊதா வீடு பிறந்த கதை

சிறுநீரகம் செயலிழந்துவிட்டால் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலைந்து மணி நேரம் நாற்காலியை விட்டு எழ முடியாது. நகரத்துக்காரருக்கே பெரும்பாடு இது. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில் கின்டோர், கிவிர்குரா என்ற சிற்றூர்களில் வாழும் பின்டுபி பழங்குடியினர், 1990களில் இதற்காக ஊரையே விட்டுப் போக வேண்டியிருந்தது. டயாலிசிஸ் வசதி இருந்தது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில். கின்டோரிலிருந்து அது 500 கிலோமீட்டருக்கும் மேல். கிவிர்குரா இன்னும் மேற்கே.

இந்த நோய் அங்கே இத்தனை பேருக்கு ஏன் வருகிறது? வேரைத் தோண்டினால் வறுமைதான் தட்டுப்படும். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள், நெருக்கடியான வீடுகள், சிறு வயதில் வந்துகொண்டே இருக்கும் சிரங்கு, வளர்ந்த பிறகு நீரிழிவு. எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்கின்றன.

பின்டுபி மக்களுக்கு ஊரைப் பிரிவது புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அவர்களில் பலர் கிழக்கே பப்பன்யா குடியிருப்பில் கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள். 1981 வாக்கில்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பி கின்டோரை அமைத்தார்கள். எந்த மலை யாருடையது, எந்த நீர்ச்சுனைக்கு எந்தக் கதை, எந்தப் பாட்டு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய பெரியவர்களே இப்போது டயாலிசிஸுக்காக மறுபடி ஊரை விட்டு நகரத்துக்குப் போனார்கள். பேச ஆளில்லாத இடத்தில் ஏக்கம் தாங்காமல் சிலர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள், சாவோம் என்று தெரிந்தே. இதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

டயாலிசிஸ் இயந்திரத்தை ஊருக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்டார்கள். செலவு அதிகம், நடக்காத காரியம் என்பதுதான் அரசுத் தரப்பின் பதில். அவர்கள் கையில் இருந்ததோ தூரிகை. 1972இல் பப்பன்யாவில் தொடங்கிய பப்பன்யா தூலா என்ற ஓவிய நிறுவனம் ஓவியர்களுக்கே சொந்தமானது. அதன் துணையோடு நான்கு பெரிய கூட்டு ஓவியங்கள் உருவாயின. கின்டோர் ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று, கிவிர்குராவிலும் அப்படியே. ஆண்களுக்குரிய கதை வேறு, பெண்களுக்குரியது வேறு என்பதால் துணிகளும் தனித்தனி. புள்ளி புள்ளியாக, கோடு கோடாக, தாங்கள் எந்த நிலத்தை விட்டுப் போகக் கூடாது என்று போராடினார்களோ அதே நிலத்தை வரைந்தார்கள்.

2000 நவம்பரில் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏலம். இந்த நான்கோடு மற்ற ஓவியங்களும் சேர்ந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தந்தன. வசதி படைத்தவர்கள் வாங்கினார்கள். வாங்கியதற்கு ஈடாக மேலான கலைப்படைப்பு அவர்கள் வீட்டுக்குப் போனது. பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதைப் பின்டுபி மக்களே முடிவு செய்தார்கள். கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே என்கிற வழக்கமான தர்மக் கணக்கு இங்கே செல்லவில்லை. இந்தக் கதையில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

பாலைவனத்தில் நர்சாக வேலை பார்த்திருந்த சாரா பிரவுன், அந்தப் பணத்தில் உருவான அமைப்பின் நிர்வாகப் பொறுப்புக்கு 2003இல் வந்தார். மறு ஆண்டே கின்டோரில் டயாலிசிஸ் தொடங்கியது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இவர்கள் நடத்திய ஊதா நிற வீட்டின் பெயரே அமைப்புக்கும் நிலைத்துவிட்டது: ‘பர்ப்பிள் ஹவுஸ்’. உள்ளே இயந்திரம் ஓடும். கொல்லையில் விறகு மூட்டிக் கங்காரு வாலைச் சுட்டுச் சாப்பிடுவார்கள். மூலிகைத் தைலம் காய்ச்சி விற்கிறார்கள். இயக்குநர் குழுவில் இருப்பவர்கள் பழங்குடியினர்தான்.

2011இல் டயாலிசிஸ் நாற்காலிகளோடு ஒரு லாரி புறப்பட்டது. நகரத்தில் சிகிச்சையில் இருப்பவர்கள் சாவு, சடங்கு, திருவிழா என்று சில நாள் ஊரில் தங்கிவர அது வழிசெய்தது. கடைசியில் 2018இல், தொலைதூர ஊர்களில் செய்யும் டயாலிசிஸுக்கு அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் பணம் தரத் தொடங்கியது. அந்த ஏலம் முடிந்து 18 ஆண்டுகள் கழித்து!

இன்னும் பல ஊர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்கின்றன. இயந்திரம் வாங்கிவிடலாம். அதை இயக்கும் நர்சுகள் தங்க அந்த ஊரில் ஒரு வீடு கட்டுவதற்குள்தான் மூச்சு வாங்குகிறது.